எஞ்சினின் வலிமை நிலத்தைச் சேர்வது எப்படி?
பழைய அமெரிக்கக் கார்களின் பின்னச்சு பற்றிய ஓர் ஆராய்ச்சி

வழுக்கல் நிலத்திலே நிற்கும் மல்லன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். தோளில் எத்துணை வலியிருப்பினும், காலூன்ற இடமில்லையேல் அவ்வலியால் ஆவது ஒன்றுமில்லை. விரைந்தோடும் மோட்டார் வண்டிக்கும் இந்நியதியே பொருந்தும். எஞ்சின் எத்தனை பரிவலு உடையது என்று கேட்பவர் பலர். அவ்வலு எவ்வழியாக நிலத்தைச் சேர்கின்றது என்று கேட்பவர் சிலரே. அச்சிலருடைய கேள்விக்குரிய விடை, வண்டியின் அடியிலே எண்ணெயும் புழுதியும் படிந்து கண்ணிற்படாமற் கிடக்கும் பின்னச்சில் இருக்கின்றது.

அமெரிக்காவில் 1960ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் தோன்றிய ஒருவகைக் கார்களை ‘மசில் கார்’ என்று அழைப்பர். தசை முறுக்கேறிய கார் என்பது இதன் பொருள். நடுத்தர அளவான உடலில் மிகப் பெரிய எஞ்சினை இருத்துவதே இவற்றின் இலக்கணம். 1964ஆம் ஆண்டில் வெளிவந்த பொன்டியாக் ஜீ.டி.ஓ. இவ்வரிசைக்கு வழிகாட்டியாய் அமைந்தது. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினை வைத்தலாகாது என்று ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் தனக்குத்தானே ஒரு விதி வகுத்திருந்தது. பொன்டியாக் பிரிவினரோ 389 கன அங்குல எஞ்சினைத் தனியொரு காராக அறிவியாது, விரும்பியோர் கேட்டுப் பெறும் மேலதிகப் பொருத்து என்ற பெயரிலே வைத்து, அவ்விதியைச் சாமர்த்தியமாகத் தாண்டினர். 325 பரிவலு கொண்ட அவ்வண்டிக்குக் கிடைத்த வரவேற்பைக் கண்ட ஏனைய நிறுவனங்களும் இதே வழியிற் சென்றன. புகை பற்றிய சட்டங்களும், காப்புறுதிக் கட்டண உயர்வும், 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அக்காலத்தை முடித்து வைத்தன.

ஆயினும் வண்டிகள் மறையவில்லை. அவற்றைப் பேணி ஓட்டும் அன்பர்கள் இன்றும் பலருளர். அவர்கள் முதலில் மாற்ற விரும்பும் உறுப்புக்களுள் ஒன்று பின்னச்சு. “வலிய பின்னச்சைப் பூட்டினால் வண்டிக்கு நிலத்தில் நல்ல பிடிப்பு வரும்” என்பது அவர்களிடையே வழங்கும் நம்பிக்கை. இந்நம்பிக்கை எவ்வளவிற்கு உண்மையானது என்பதையே நாம் இங்கு ஆராயப் புகுகின்றோம்.

பின்னச்சின் மூன்று பணிகள்

இவ்வகைக் கார்களில் எஞ்சின் முன்னே இருக்க, பின்சில்லுகளே வண்டியை உந்துகின்றன. எஞ்சினிலிருந்து கியர்ப் பெட்டியும், அதிலிருந்து நீண்டதொரு தண்டும் பின்னோக்கி வருகின்றன. அத்தண்டின் நுனியில் இருப்பது பினியன் என்னும் சிறு பற்சில்லு. அது சுழற்றுவது கிரவுன் என்னும் பெரிய பற்சில்லு. நீளவாக்கில் வரும் சுழற்சியைக் குறுக்குவாக்கிற் திருப்புவது பின்னச்சின் முதலாவது பணி. பினியன் பல தடவை சுழன்றாலே கிரவுன் ஒரு தடவை சுழலுமாதலால், வேகத்தைக் குறைத்து முறுக்கு விசையைப் பெருக்குவது இரண்டாவது பணி. 3.91 என்னும் விகிதமுடைய அச்சிலே பினியன் 3.91 சுற்றுச் சுற்றும்போது சில்லுகள் ஒரு சுற்றுச் சுற்றும்.

மூன்றாவது பணி நுட்பமானது. வண்டி வளைவிலே திரும்பும்போது வெளிப்பக்கச் சில்லு நெடுந்தூரமும், உட்பக்கச் சில்லு குறுந்தூரமும் ஓடவேண்டும். இரண்டும் ஒரே இரும்புத் தண்டிற் பிணைக்கப்பட்டிருந்தால் ஒன்று நிலத்தில் இழுபடும். இதனைத் தவிர்க்கவே கிரவுனுடன் ‘டிபரென்ஷல்’ என்னும் சிறு பற்சில்லுத் தொகுதி இணைக்கப்பட்டுள்ளது. அஃது இரு சில்லுகளையும் வெவ்வேறு வேகத்தில் ஓடவிட்டு, விசையை மட்டும் இருபக்கத்துக்கும் சமமாகப் பங்கிடுகின்றது.

சமமாகப் பங்கிடுதல் நீதியான செயல்தானே என்று வாசகர்கள் எண்ணலாம். இந்த நீதியே சிக்கலுக்கும் காரணமாகின்றது. வலப்பக்கச் சில்லு மணலில் நின்று 200 றாத்தல் பிடிப்பையே பெறுவதாகக் கொள்வோம். இடப்பக்கச் சில்லு உறுதியான தாரில் நின்று 1000 றாத்தல் தாங்கவல்லதாயினும், டிபரென்ஷல் அதற்கும் 200 றாத்தலையே கொடுக்கும். ஆக வண்டியை உந்துவது 400 றாத்தல் மாத்திரமே. எஞ்சினின் எஞ்சிய வலிமை வலப்பக்கச் சில்லை வீணே சுழற்றிக் களைக்கும். வயற்சேற்றில் உழவு இயந்திரம் புதையும்போது ஒரு சில்லு மட்டும் சுழன்று சேற்றை வாரி இறைப்பதை நம் நாட்டார் கண்டிருப்பர். உழவு இயந்திரங்கள் பலவற்றில் இதற்கென்றே டிபரென்ஷலைப் பூட்டும் மிதி ஒன்று உண்டு. அதனை மிதித்ததும் இரு சில்லுகளும் ஒன்றாய்ச் சுழன்று வண்டி வெளியேறிவிடும்.

மாணவர்களுக்கு ஒரு கணக்கு

போர்ட் நிறுவனத்தார் 1968ஆம் ஆண்டு ஏப்ரிலில் தமது மஸ்டாங் காரில் ‘கோப்ரா ஜெட்’ என்னும் 428 கன அங்குல எஞ்சினை வைத்து வெளியிட்டனர். மஸ்டாங்கைப் ‘போனி கார்’ என்று தனியே வகுப்பாரும் உளர்; ஆயினும் இவ்வெஞ்சினைப் பெற்ற மஸ்டாங்கை மசில் கார் அன்றென மறுப்பார் அரியர். அதன் முறுக்கு விசை 440 றாத்தல்-அடி. நெருங்கிய விகிதமுடைய நாலு கியர்ப் பெட்டியின் முதற் கியர் 2.32. பின்னச்சு விகிதம் 3.91 எனக் கொள்வோம். மூன்றையும் பெருக்கினால் பின்னச்சை அடையும் முறுக்கு விசை ஏறக்குறைய 3990 றாத்தல்-அடியாகும். டயரின் ஆரை 13 அங்குலமாயின், உராய்வால் ஏற்படும் இழப்பை விடுத்து, நிலத்தில் விழக்கூடிய உந்துவிசை ஏறத்தாழ 3680 றாத்தல்.

இனி நிலம் எவ்வளவைத் தாங்கும் என்று பார்ப்போம். கணக்கின் வசதிக்காக வண்டியின் நிறை 3500 றாத்தல் எனவும், அதில் நூற்றுக்கு 45 பங்கு பின்சில்லுகளின் மேல் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். அது 1575 றாத்தல். வண்டி பாயும்போது முன்பக்கம் எழும்பிப் பின்பக்கம் அமிழ்வதால், இன்னும் 250 றாத்தல் அளவு பின்னுக்குச் சாயும். உராய்வுக் குணகம் 0.8 எனின், இரு பின் டயர்களும் சேர்ந்து பற்றக்கூடிய விசை 1460 றாத்தல். எஞ்சின் தரவல்லதோ 3680. அதாவது நிலம் ஏற்பதைவிட இரண்டரை மடங்கு!

இக்கணக்கு ஓர் உண்மையைத் தெளிவாகக் காட்டுகின்றது. பிடிப்பின் எல்லையை விதிப்பது டயரும் அதன்மேல் அழுந்தும் பாரமுமேயன்றி, அச்சின் பருமன் அன்று. அச்சை இருமடங்கு பருமனாக்கினாலும் 1460 என்னும் எண் ஒரு றாத்தல்கூட உயராது.

அப்படியாயின் அன்பர்கள் பின்னச்சை மாற்றுவது வீண் செலவா? அன்று. இக்கணக்கின் மறுபக்கத்தையும் நோக்கவேண்டும். பழைய காலத்து ஒடுக்கமான டயர் எளிதில் வழுக்கிவிடும். அவ்வாறு வழுக்கியதனாலேயே மெலிந்த அச்சு முறியாமல் தப்பி வந்தது. மின்சாரம் மிஞ்சும்போது வீட்டைக் காப்பதற்காக எரிந்துபோகும் பியூஸ் கம்பியைப்போல, வழுக்கும் டயரே அச்சுக்குக் காவலாய் இருந்தது. இன்று கிடைக்கும் அகன்ற, மென்மையான டயரை வாங்கிப் பூட்டியதும் அக்காவல் நீங்கிவிடுகின்றது. நிலம் விட்டுக்கொடாது, எஞ்சினும் விட்டுக்கொடாது, இரண்டுக்கும் நடுவே அகப்படும் அச்சே விட்டுக்கொடுக்க வேண்டியதாகின்றது. பாரம் அளவு மிஞ்சின் மயிலிறகு ஏற்றிய வண்டிக்கும் அச்சு நில்லாது என்பதைத் திருக்குறள் பயின்ற மாணவர் அறிவர்.

ஆகவே வலிய அச்சு பிடிப்பைப் பிறப்பிப்பதன்று. பிறந்த பிடிப்பைத் தாங்குவது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளாது பணம் செலவிடுவோர், அச்சு மாறியும் டயர் முன்போலவே புகைவதைக் கண்டு ஏமாறுவர். மறுபுறம், டயரை மட்டும் மாற்றி அச்சை மறந்தவர் நடுவழியில் நிற்க நேரிடும்.

இரு சில்லும் ஒன்றாய் உழைக்க

பிடிப்பை உண்மையில் உயர்த்தும் முதலாவது வழி, வழுக்கும் சில்லுக்கு வீணாய்ப் போகும் விசையை மற்றைச் சில்லுக்குத் திருப்புவதாகும். இவ்வகைக் கார்களில் இதன் தேவை மிகுதி. சுழலும் தண்டு பின்னச்சுக் கூட்டை ஒருபக்கமாகத் திருக முயல்வதால், வண்டி புறப்படும் வேளையில் இடப்பக்கச் சில்லு நிலத்தில் அழுந்த, வலப்பக்கச் சில்லு இலகுவாகின்றது. சாதாரண டிபரென்ஷல் உள்ள பழைய அமெரிக்கக் கார்கள் தெருவிலே ஒற்றைக் கருங்கோட்டை வரைந்துவிட்டுச் செல்வதற்குக் காரணம் இதுவே.

1956ஆம் ஆண்டில் பக்கார்ட் நிறுவனத்தார், வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிபரென்ஷலை அமெரிக்கக் கார்களிற் புகுத்தினர். பின்னர் செவ்ரோலேயில் ‘பொசிட்ராக்ஷன்’ எனவும், கிறைஸ்லரில் ‘ஷுவர் கிரிப்’ எனவும், போர்டில் ‘டிராக்ஷன் லொக்’ எனவும் வெவ்வேறு பெயரில் அது வழங்கலாயிற்று. இவற்றுட் பலவற்றில் கிளட்ச்சில் உள்ளவை போன்ற தட்டுகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். ஒரு சில்லு மட்டும் விரையத் தொடங்கினால் தட்டுகள் உராய்ந்து அதனைத் தடுத்து, விசையின் ஒரு பகுதியை மற்றைப் பக்கம் சேர்க்கும். வளைவிலே மெல்லத் திரும்பும்போது அத்தட்டுகள் வழுக்கி இடங்கொடுக்கும். இவ்வமைப்புக்கென உள்ள சேர்மானத்தை எண்ணெயிற் கலக்காவிடின், திரும்புந்தோறும் பின்புறத்தில் கடகடவென்ற அதிர்ச்சி உண்டாகும். தட்டுகள் நாளடைவில் தேய்வதால் புதுப்பிக்கவும் வேண்டும்.

தட்டுகளின்றிப் பற்சில்லுகளாலேயே இவ்வேலையைச் செய்யும் வகையும் உண்டு. அது தேய்வு குறைந்தது, ஓசையின்றி இயங்குவது, தெருவில் ஓடும் குடும்ப வண்டிக்கு ஏற்றது. ‘டிட்ரோயிட் லொக்கர்’ போன்ற மூன்றாம் வகை, நேராக ஓடும்போது இரு தண்டுகளையும் முற்றாகப் பூட்டி, திரும்பும்போது வெளிப்பக்கத்தை மட்டும் விடுவிக்கும். பந்தயத்துக்கு அது சிறந்தது. ஆயினும் பூட்டி விடுபடும்போது ஓசை எழுப்பும். மழை நனைத்த வளைவில் திடீரெனப் பூட்டினால் வண்டியின் பின்புறம் வெளியே வீசப்படவும் கூடும். வண்டி எங்கே, யாரால் ஓட்டப்படப் போகின்றது என்பதைத் துணிந்த பின்னரே இவற்றுள் ஒன்றைத் தெரிதல் வேண்டும்.

எந்த அச்சு வலிது?

கிரவுன் சில்லின் விட்டத்தாலேயே அச்சுக்களைப் பெயரிட்டு வழங்குவது பொதுவான வழக்கம். மஸ்டாங்கின் ஆறு சிலிண்டர் வண்டிகளுக்கு 7.25 அங்குல அச்சும், சாதாரண எட்டு சிலிண்டர் வண்டிகளுக்கு 8 அங்குல அச்சும், வலிய எஞ்சின் உடையவற்றுக்கு 9 அங்குல அச்சும் பூட்டப்பட்டன. செவ்ரோலே வண்டிகளில் 8.2 அங்குலப் பத்து ஆணி அச்சும், 8.875 அங்குலப் பன்னிரண்டு ஆணி அச்சும் இருந்தன. ஆணிகள் என்பது பின்மூடியைப் பூட்டுவன. கிறைஸ்லர் நிறுவனம் 1966ஆம் ஆண்டிலிருந்து, ஹெமி எஞ்சினும் நாலு கியர்ப் பெட்டியும் கொண்ட வண்டிகளுக்கு 9.75 அங்குல டானா 60 அச்சைப் பயன்படுத்திற்று.

இவற்றுள் அன்பர்கள் அதிகமாக நாடுவது 1957ஆம் ஆண்டில் போர்ட் அறிமுகஞ்செய்து 1986ஆம் ஆண்டுவரை உற்பத்தி செய்த 9 அங்குல அச்சேயாம். அதற்குக் காரணங்கள் உள. ஏனைய அச்சுக்கள் பலவற்றில் பினியன் ஒருபுறமே பெயரிங்குகளால் தாங்கப்படும். இதிலோ பற்களின் மறுபுறத்திலும் ஒரு பெயரிங் இருந்து தாங்குகின்றது. ஆதலால் பெரும் விசையிற் பினியன் விலகிப் பற்கள் நொறுங்குவது அரிது. கிரவுன், பினியன், டிபரென்ஷல் ஆகிய யாவும் ஒரே வார்ப்பில் அடங்கி, கூட்டின் முன்புறமாகக் கழற்றி எடுக்கத்தக்கனவாய் உள்ளன. எனவே விகிதத்தை மாற்ற விரும்புவோர் மேசையின்மேல் வைத்து அமைதியாக வேலை செய்யலாம். எதிர் நிறுவனங்களின் வண்டிகளிலுங்கூட இவ்வமைப்பைப் பூட்டி ஓடியோர் எண்ணற்றோர். இதற்கொரு குறையும் உண்டு. பினியன் கிரவுனின் நடுக்கோட்டுக்கு 2.38 அங்குலம் தாழ்ந்து நிற்பதால் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று அதிகம் வழுக்கி, எஞ்சினின் வலுவிற் சிறிது வெப்பமாக வீணாகின்றது. வன்மைக்குக் கொடுக்கும் விலை அது.

8 அங்குல அச்சும் 9 அங்குல அச்சும் பார்வைக்கு ஒத்திருப்பதால் பழைய இரும்புக் கடைகளில் ஏமாறுவோர் உளர். இரண்டையும் பிரித்தறியத் தொழிலாளர் கையாளும் வழி எளிது. முன்வார்ப்பைப் பூட்டும் சுரைகளுள் அடியிலுள்ளவற்றின்மேல் சொக்கட் சாவியை நேராக ஏற்ற முடிந்தால் அது 8 அங்குலம். வார்ப்பு இடைமறித்துச் சாவி ஏறாவிடின் அது 9 அங்குலம். வார்ப்பின் முகப்பில் ‘என்’ என்னும் ஆங்கில எழுத்து வார்க்கப்பட்டிருந்தால், அது சாதாரண வார்ப்பிரும்பினும் உறுதியான வகையைச் சேர்ந்தது.

கிரவுனைவிட அச்சுத்தண்டின் பருமன் அதிக கவனத்துக்குரியது. தண்டின் உள்நுனியில் வெட்டப்பட்ட வரிப்பற்களின் எண்ணிக்கையால் அதனை அறியலாம். 28 பற்களுடையது சாதாரணம். 31 பற்களுடையது வலியது. 35 பற்களுடையது மிக வலியது. முறுக்கைத் தாங்கும் வன்மை, தண்டின் விட்டத்தை மூன்று முறை பெருக்கும் அளவில் உயரும் என்பது பொறியியல் விதி. ஆதலால் 1.3 அங்குலத் தண்டு 1.5 அங்குலமாகும்போது, பருமன் சிறிதே கூடியதாகத் தோன்றினும் வன்மை ஏறக்குறைய ஒன்றரை மடங்காகின்றது.

துள்ளும் அச்சு

பிடிப்பைக் கெடுக்கும் இன்னொரு பகைவன் அச்சின் துள்ளல். பின்னச்சு நீண்ட தகட்டு வில்லுகளின்மேல் கட்டப்பட்டிருப்பின், விசை வந்ததும் அச்சுக்கூடு பின்னோக்கித் திருகும். வில்லும் ஆங்கில ‘எஸ்’ எழுத்தைப்போல வளையும். ஒரு கட்டத்தில் டயர் வழுக்கியதும் வில் விடுபட்டு நிமிரும்; நிமிர்ந்ததும் டயர் மீண்டும் பற்றும்; மீண்டும் வில் வளையும். ஒரு வினாடிக்குள் இது பலமுறை நிகழுமாதலால் பின்சில்லுகள் நிலத்தைச் சம்மட்டிபோல் இடிக்கின்றன. அச்சுத்தண்டுகளும் பற்களும் முறிவது பெரும்பாலும் இத்தறுவாயிலேயே.

1967ஆம் ஆண்டுச் செவ்ரோலே கமாரோவில் பின்வில் ஒவ்வொன்றும் ஒற்றைத் தகடாக அமைந்திருந்ததால், வலிய எஞ்சினுடைய வண்டிகள் இந்நோயால் வருந்தின. அடுத்த ஆண்டில் அவ்வண்டிகளுக்குப் பல தகடுகள் கொண்ட வில்லையும், ஒன்றை அச்சுக்கு முன்னும் ஒன்றைப் பின்னுமாக வைத்த ஷொக் அப்சோபர்களையும் பொருத்தினர். நாலு கியர்ப் பெட்டி பூண்ட கோப்ரா ஜெட் மஸ்டாங்கிலும் இவ்வாறே முன்னும் பின்னுமாக வைக்கப்பட்டன.

இதற்கும் முன்னரே, 1965ஆம் ஆண்டில், பந்தய வீரராய் விளங்கிய கரல் ஷெல்பி தம்முடைய ஜீ.டி. 350 வண்டியிலே முழுமையான பாடம் ஒன்றைக் கற்பித்தார். மஸ்டாங்கின் 271 பரிவலு எஞ்சினை 306 பரிவலுவாக உயர்த்தியவர் அத்தோடு நின்றாரல்லர். 9 அங்குல அச்சு, டிட்ரோயிட் லொக்கர், அச்சு திருகாது தடுக்கும் இரு இரும்புக் கோல்கள், கோனி ஷொக் அப்சோபர்கள், பெரிய பின் பிரேக்குகள் ஆகிய யாவற்றையும் ஒருங்கே பொருத்தினார். தொடக்கத்தில் வந்த வண்டிகளில் பற்றரியைக்கூட முன்னிருந்து எடுத்துப் பின்பெட்டிக்குள் வைத்து, பின்சில்லின்மேற் பாரத்தைக் கூட்டினார். வலிமை, பங்கீடு, கட்டுப்பாடு, பாரம், தடுப்பு ஆகிய ஐந்தும் ஒன்றையொன்று தாங்கி நிற்கவேண்டும் என்பதே அப்பாடத்தின் சாரம்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

முதலில் அகலம். மஸ்டாங்கின் அச்சு, சில்லைப் பூட்டும் முகத்திலிருந்து முகம்வரை, 1965, 1966ஆம் ஆண்டு வண்டிகளில் 57¼ அங்குலம். 1967 முதல் 1970 வரை 59¼ அங்குலம். 1971 முதல் 1973 வரை 61¼ அங்குலம். ஆண்டு மாறிய அச்சை ஆராயாது வாங்கினால் டயர் உடற்தகட்டில் உரசும். அகலத்தோடு, அடியில் வில்லைத் தாங்கும் இருக்கைகளுக்கு இடைப்பட்ட தூரத்தையும் அளந்து பார்த்தே வாங்கவேண்டும்.

அடுத்து பினியனின் சாய்வு. விசை வரும்போது பினியனின் மூக்கு மேலெழுமாதலால், தகட்டு வில் உடைய வண்டியில் அதனைச் சிறிது தாழ்த்தி வைப்பர். சாய்வு பிழைத்தால் தண்டின் மூட்டுகள் அதிர்ந்து விரைவில் தேயும். பெரிய அச்சின் மூக்கு நீண்டிருப்பின் தண்டையும் அதற்கேற்பக் குறுக்கிச் சமநிலை பார்க்கவேண்டும். வில்லை அச்சோடு பிணைக்கும் யூ வடிவ ஆணிகளைப் புதிதாகவே வாங்குதல் நன்று.

மூன்றாவது, கிரவுனும் பினியனும் ஒன்றோடொன்று பொருந்தும் முறை. 9 அங்குல அச்சில் பற்களுக்கிடையே விடவேண்டிய இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 8 முதல் 12 பங்கு. பற்களில் வர்ணக் குழம்பைப் பூசிச் சுழற்றினால், ஒன்று மற்றதைத் தொடும் இடம் தடமாகத் தெரியும். அத்தடம் பல்லின் நடுவே அமைதல் வேண்டும். நுனியிலோ அடியிலோ விழுந்தால் அச்சு ஊளையிடும். பின்னர் பற்கள் உதிரும். அளக்கும் கருவியும் அனுபவமும் இல்லாதார் இவ்வேலையைத் தேர்ந்த தொழிலாளரிடம் விடுவதே அறிவுடைமை.

புதிய பற்கள் உடனே கடும் உழைப்பைத் தாங்கா. முதலில் பதினைந்து இருபது மைல் மெல்ல ஓட்டி, அச்சு நன்றாக ஆறும்வரை நிறுத்தி, மீண்டும் ஓட்டவேண்டும். 500 மைலில் எண்ணெயை மாற்றினால் முதலில் தேய்ந்த இரும்புத்தூள் நீங்கும். கூட்டின் மேலுள்ள சிறு மூச்சுத்துளையைச் சுத்தமாக வைத்திருத்தலும் அவசியம். அது அடைபட்டால் உள்ளே சூடேறிய காற்று எண்ணெயை வெளியே தள்ளும். வெளியேறும் எண்ணெய் பிரேக்கை நனைக்கும்.

விகிதத்தைத் தெரிவதிலும் பேராசை கூடாது. 26 அங்குல விட்டமுள்ள டயரோடு மணிக்கு 60 மைல் ஓடும்போது, 3.00 விகிதத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2330 சுற்றும், 3.91 விகிதத்தில் 3030 சுற்றும், 4.30 விகிதத்தில் 3330 சுற்றும் சுற்றும். உயர்ந்த எண் பாய்ச்சலைத் தரும். பெற்றோலையும் காதையும் தின்னும். பிடிப்புக்கு அது உதவுவதுமில்லை. ஏற்கெனவே மிஞ்சியிருக்கும் விசையை மேலும் மிகுவிப்பதே அதன் செயல்.

உயிர்ப் பாதுகாப்பு

இதுவரை கூறியவை யாவும் வண்டியின் நலன் பற்றியவை. மனிதர் நலன் பற்றியும் கூறவேண்டும். அச்சுத்தண்டு கூட்டுக்குள்ளே எவ்வாறு பிடித்து வைக்கப்பட்டுள்ளது என்பதைச் சிலரே விசாரிக்கின்றனர். போர்டின் 9 அங்குல அச்சிலே கூட்டின் வெளிநுனியிலுள்ள பெயரிங்கும் அதனை மூடும் தகடும் தண்டைப் பற்றியிருக்கும். உள்ளே தண்டு முறிந்தாலும் சில்லு தன்னிடத்தில் நிற்கும். செவ்ரோலேயின் பத்து ஆணி, பன்னிரண்டு ஆணி அச்சுக்களிலோ, தண்டின் உள்நுனியிற் செருகிய ஒரு சிறு வளையமே முழுத் தண்டையும் தடுத்து வைக்கின்றது. ‘சீ’ எழுத்து வடிவான அவ்வளையத்துக்கு அப்பால் தண்டு முறிந்தால், சில்லும் பிரேக் டிரம்மும் தண்டோடு சேர்ந்து வண்டியை விட்டே வெளியேறிவிடும். ஓடும் வண்டியில் இதன் விளைவை நாம் விவரிக்க வேண்டியதில்லை. தண்டை வெளிநுனியிலேயே பிடித்து வைக்கும் மாற்றமைப்புக்கள் விற்பனைக்கு உள்ளன. அவ்வகை அச்சை வைத்துக்கொண்டு அகன்ற டயரைப் பூட்டுவோர் அவற்றைச் செலவென எண்ணாது வாங்குதல் கடமை.

பிரேக்கும் அவ்வாறே. 1966ஆம் ஆண்டுவரை வந்த மஸ்டாங் வண்டிகளில் நான்கு சில்லுகளின் பிரேக்குக்கும் ஒரே திரவச் சுற்றே இருந்தது. ஓரிடத்தில் குழாய் கசிந்தால் நான்கும் போம். 1967ஆம் ஆண்டு வண்டிகளில் முன்னும் பின்னும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டன. அச்சை மாற்றும்போது பின்பக்கக் குழாய்களைக் கழற்றத்தான் வேண்டும். அவ்வேளையிலேயே பழைய வண்டியையும் இரட்டைச் சுற்றாக மாற்றிவிடலாம். விரைந்து பாயக் கற்ற வண்டி, விரைந்து நிற்கவும் கற்றிருக்கவேண்டும் அல்லவா?

வேலை செய்யும்போதும் கவனம் தேவை. முழு அச்சும் ஒருவர் கையால் தூக்கத்தக்க பொருளன்று. ஜாக் ஒன்றை மாத்திரம் நம்பி வண்டியின்கீழ் நுழைதல் பெருந்தவறு. உறுதியான தாங்கிகளின்மேல் உடலை இருத்திய பின்னரே கீழே செல்லவேண்டும்.

பழைய வண்டி ஒரு வரலாற்றுப் பொருளுமாகும். அதனோடு பிறந்த அச்சைக் கழற்றியதும் விற்றுவிடாது, எண்ணெய் தடவிப் பொதிந்து வைத்தல் நன்று. உடலை வெட்டாமலும் ஒட்டாமலும் பூட்டத்தக்க மாற்றங்களையே செய்தால், பின்வரும் தலைமுறையினர் விரும்பும்போது வண்டியைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கே மீட்கலாம்.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின் வேலையின் ஒழுங்கு தெளிவாகும். துள்ளலை அடக்குவதும் வழுக்கலைப் பங்கிடுவதும் முதலில் வரவேண்டும். அச்சுத்தண்டும் அதன் பிடிப்பும் அதனோடு உடன் வரவேண்டும். பிரேக் சரியான பின்னரே அகன்ற டயர் வரவேண்டும். விகிதத்தை உயர்த்துவது ஈற்றில். எஞ்சினுக்கு மேலும் பரிவலு சேர்ப்பது அதற்கும் அப்பால். பலர் இவ்வொழுங்கைத் தலைகீழாகப் பின்பற்றியே பொருளையும், சிலர் உயிரையும் இழக்கின்றனர்.

புதிய அச்சைப் பரீட்சித்துப் பார்க்கும் இடம் எது என்பதையும் சொல்லிவிடுவோம். அமெரிக்காவில் தெருப்பந்தயங்களால் நேர்ந்த தீங்கைக் கண்டே 1951ஆம் ஆண்டில் தேசிய ஹொட் ரொட் சங்கம் அமைக்கப்பட்டது. இளைஞரைத் தெருவினின்று அகற்றி, வேலியிட்ட களத்திலே, விதிமுறைகளுக்கு உட்பட்டு ஓடச்செய்வது அதன் நோக்கம். அந்நோக்கம் எந்நாட்டிற்கும் எக்காலத்திற்கும் ஏற்றது. பள்ளிச் சிறார் நடந்து செல்லும் வீதி, வலிமையை அளக்கும் இடமன்று.